செவலைக்குப் பச்சைக்கறி

பன்றியைப் பார்த்ததும் நந்தகோபாலின் நாய் செவலை ஓடிவந்து அவன் கால் நடுவில் புகுந்துகொண்டது. அவன் தடுமாறி மல்லாக்க விழுந்தான். பன்றி அவன் தலைமாட்டில் ஒரு முழம் தள்ளிப் பாய்ந்து போய், கங்காதரனின் கறுப்பு நாயை வயிற்றில் குத்தித் தூக்கி எறிந்தது. குடல் சரிந்து முள்ளில் மாட்டிக்கொண்டது. அந்த நாய் எழுந்து நின்று, தன் குடலைத் தானே மிதித்துக்கொண்டு, பன்றி போன திக்கைப் பார்த்துக் குரைத்துவிட்டுத்தான் செத்தது. நாய் என்றால் அது நாய். செவலையோ நந்தகோபாலின் லுங்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம், கார்த்திகை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. லீவு நாளில் மற்றவன் தூங்குவான், சினிமாவுக்குப் போவான். மலையடிவாரத்து ஊர்க்காரன் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவான். பன்றி அடிக்கக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. வேர்க்கடலைக் கொல்லையை உழக் கூடாது என்று பன்றிக்கு யாரும் சட்டம் போடவில்லை. அதனால் வேட்டை நின்றபாடில்லை.

கங்காதரன் தன் துண்டை அவிழ்த்துச் செத்த நாயின் மேல் போர்த்தினார். பிறகு ஈட்டியை எடுத்துக்கொண்டு நந்தகோபாலிடம் வந்தார். அவர் தோல் ஷாப்பில், மயிர் உதிரத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. சுண்ணாம்புத் தண்ணீர் தின்று விரல் நகமெல்லாம் கரைந்துபோன கை அவருக்கு. வேட்டைக்கும் அவர்தான் தலை. வலை அவருடையது, கறியைப் பங்கு பிரிப்பது அவர், தகராறு வந்தால் தீர்ப்பும் அவர்தான் சொல்வார். பன்றிக்கு முதுகு காட்டிய நாயைத் திரும்ப ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது அவர்கள் வேட்டையில் ஒரு கட்டுப்பாடு. ஒரு நாய் திரும்பினால் அதைப் பார்த்து இன்னொன்றும் திரும்பும். நாயை நம்பி இறங்கிய ஆள் சாவான். அதனால் அந்த இடத்திலேயே குத்திவிடுவார்கள். குத்த வேண்டியது நாய்க்குச் சொந்தக்காரன்.

நந்தகோபால் எழுந்திருக்கவில்லை. விழுந்த இடத்திலேயே நாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். முந்தின வருஷம் நாட்றம்பள்ளிச் சந்தைக்குப் போனவன், கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டு, கொட்டுகிற மழையில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி அது. அன்றைக்கு அவன் பெண்டாட்டி பங்கஜம் திட்டிய திட்டு இன்னும் அவன் காதில் இருக்கிறது. அப்படிக் கொண்டுவந்ததைக் குத்து என்றால் எவன் குத்துவான்?

பங்கஜத்தின் அண்ணன் முனிரத்தினம்தான் குறுக்கே வந்து விழுந்தான். குட்டி நாய், விவரம் பத்தாது, இன்னொரு வாட்டி பார்க்கலாம் என்று கங்காதரன் காலைப் பிடித்தான். தங்கச்சி புருஷனுக்காக அவ்வளவு கெஞ்சிய ஆளை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. கங்காதரன் வெகுநேரம் செவலையையே பார்த்தார்.

"காணும் பொங்கலுக்குப் பெரிய வேட்டை இருக்குது," என்றார். "அன்னிக்கு இதை முன்னால விடு. அன்னிக்கும் திரும்பிச்சின்னா நீதான் குத்தணும் நந்தா. நீ குத்தலன்னா நான் குத்துவேன்."

மலையிலிருந்து இறங்கும்போது அவரே அந்த நாய்க்கு என்ன போடுகிறாய் என்று விசாரித்தார். கேழ்வரகுக் களி, ரசஞ்சோறு, கிடைத்தால் கருவாட்டு முள் என்றான் நந்தகோபால். அவர் காறித் துப்பினார். ரசஞ்சோறு தின்கிற நாய் பன்றியைப் பார்த்தால் ஓடாமல் கும்பிடா போடும் என்று கேட்டார். இன்றையிலிருந்து அடுப்பில் வெந்தது எதுவும் அதன் வாயில் படக்கூடாது, பச்சைக்கறிதான் போட வேண்டும், அதையும் ரத்தத்தோடு போட வேண்டும் என்றார். "தண்ணில ஊறப்போட்டு ரத்தத்தைப் போக்கினியோ, கறியில இருக்கிற ரோஷமும் அதோட போய்டும். பாத்துக்க." நந்தகோபால் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டான்.

பச்சைக்கறிக்கு எங்கே போவது? மனுஷனுக்கே மாசத்துக்கு ஒரு நாள்தான் கறி. ஆனால் நந்தகோபால் வேலை பார்த்த இடம் அப்படி. தோல் ஷாப்பில் பச்சைத்தோல் வந்து இறங்கும் குடோனில் அவனுக்கு வேலை. வடக்கேயிருந்து லாரி லாரியாக வரும் மாட்டுத்தோல், எருமைத்தோல், அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டி மடித்து அடுக்கியிருப்பார்கள். உரித்தவன் அவசரத்தில் உரித்திருந்தால் தோலின் ஓரத்தில் கைகையாகக் கறி ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கத்தியால் அரிந்து ஒரு மூலையில் குவித்துவிட்டுத்தான் தோலைத் தண்ணீரில் போடுவார்கள். குவிந்தது குப்பைக்குப் போகும்.

குடோன் சூப்பர்வைசர் முனீர் அகமது நல்ல மனுஷன். நாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்று நந்தகோபால் கேட்டதும், தாராளமாக எடுத்துக்கொள், வாசல் கேட்டில் மூட்டையைத் திறந்து காட்டிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டார். சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய் வந்த தோலில் வழிக்கிற ஜவ்வை மட்டும் நந்தகோபால் தொடவில்லை. அது விஷம். அதைத் தின்ற தெருநாய் ஒன்று வாய் வெந்து செத்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அதனால் சுண்ணாம்பு படாத பச்சைக்கறியாகப் பார்த்துப் பொறுக்கி, உப்பை உதறி, சாக்குத்துணியால் துடைத்துக் கொண்டுவந்தான். தான் எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று அவனுக்கே அவன்மேல் ஒரு பெருமை.

அந்த உப்பு உதறினால் போகிற உப்பா? தோலிலிருந்து உப்பை எடுக்க ஒரு பகல் ஒரு ராத்திரி தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறப்போடுவார்கள். வருஷக்கணக்காக அந்த வேலையைச் செய்தவனே அவன்தான். தோலுக்குத் தெரிந்த விஷயம் கறிக்கும் பொருந்தும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஊறினால் ரோஷம் போய்விடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாரே.

முதலில் செவலை அதைத் தொடவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. போய் பங்கஜத்தின் தட்டருகே உட்கார்ந்துகொண்டு அவள் வாயையே பார்த்தது. நந்தகோபால் அதை இழுத்துவந்து புளியமரத்தில் கட்டினான். கறியைத் தின்னும்வரை வேறு எதுவும் கிடையாது என்றான். நாய் இரண்டு நாள் அழுதது. மூன்றாம் நாள் அவன் குளிக்கப் போனபோது பங்கஜம் ஒரு உருண்டைக் களியைக் கொண்டுபோய்ப் போட்டாள். அவன் ஈரத்தோடு ஓடிவந்து களியை எட்டி உதைத்தான். நாயையும் ஒரு உதை விட்டான். அவளை அடிக்கவும் கையை ஓங்கினான். அவள் கையில் களி கிண்டும் துடுப்பு இருந்தது. ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது.

"நாய்க்கு வீரம் வரணும்னா நாயை உதைக்கிற. உனக்கு வீரம் வரணும்னா யாரை உதைப்ப?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் செவலை கறியைத் தின்றது. முதலில் நாக்கு நுனியால், அப்புறம் பல்லால், அப்புறம் மூட்டையையே கிழித்து. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. பிழைத்துக்கொண்டாய் என்று அதனிடம் சொன்னான்.

மார்கழி பிறப்பதற்குள் நாய் வேறு நாயாகிவிட்டது. கழுத்து தடித்தது. யார் வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போகும் அந்தப் பழக்கம் போய்விட்டது. சாக்கில் கறியைக் கட்டி மரக்கிளையில் அவன் தொங்கவிடுவான். செவலை எம்பிக் கவ்விக்கொண்டு அப்படியே தொங்கும். பிடி பிடி என்று அவன் கத்துவான். சாக்கு கிழிந்து கறி விழும்வரை அது விடாது. விழுந்ததும் அவனைப் பார்த்து வாலை ஆட்டும். அவன் ஒருத்தனைப் பார்த்துத்தான் அது வால் ஆட்டியது.

தெருவில் கோழிகள் குறைந்தன. ஒரு கிழட்டுப் பூனை போயிற்று. முனிரத்தினத்தின் வெள்ளை நாய் எதிரே வந்தது என்பதற்காக அதன் காதை அடியோடு பிய்த்துவிட்டது. முனிரத்தினம் கோபித்துக்கொள்ளவில்லை, காது போனால் போகிறது, மாப்பிள்ளை நாய் பிழைக்கட்டும் என்றான். எதிர்வீட்டுத் தணிகைவேல் அப்படிப்பட்டவன் இல்லை. அவனுடைய ஆட்டுக்குட்டியைச் செவலை தொண்டையைப் பிடித்து உலுக்கிக் கொன்ற அன்று, அவன் உலக்கையோடு வந்துவிட்டான். செத்த குட்டியைத் தூக்கி நந்தகோபால் முகத்தில் வீசினான். நடுத்தெருவில் இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். உலக்கை ஓர் அடி நந்தகோபால் வாயில் விழுந்து முன்பல் தெறித்தது. அவன் தணிகைவேலின் தலையைப் பிடித்துச் சாக்கடைக் கல்லில் மோதினான். ஊர் கூடிப் பிரித்துவிட்டது. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே வீட்டுக்குள் வந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். தொண்டையைப் பிடித்ததாம், ஒரே உலுக்கலாம் என்று பங்கஜத்திடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான். அவள் ஆட்டுக்குட்டியை நினைத்து அழுதாள்.

அவளுக்கு இன்னொரு பேஜாரும் இருந்தது. நாய் குடிக்கிற தண்ணீரை அவளால் தூக்கி மாளவில்லை. தெருக்கோடிக் குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றுவாள். மாடு குடிப்பதுபோல் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று தொட்டியைப் பிராண்டும். பச்சைக்கறி சூடு, அதனால்தான் தாகம் என்று நந்தகோபால் விளக்கம் சொன்னான். ரோஷம் ஏறுகிறது என்று அதற்கு அர்த்தமாம்.

"சூடா இருக்கட்டும். அந்தக் கறியில உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு ஒருவாட்டியாவது பாத்தியா நீ?" என்று பங்கஜம் கேட்டாள்.

அவன் அதற்கும் சிரித்தான். நாய்க்குப் போடுகிற கறியை நக்கிப் பார்க்கச் சொல்கிற பெண்டாட்டியை வேறு எவன் கட்டியிருக்கிறான் என்று கேட்டான்.

காணும் பொங்கலன்று காலையில் அவன் இரண்டு பங்கு கறி போட்டான். வேட்டை நாளில் நாய்க்கு வயிறு காய வேண்டும் என்பார்கள். அவனுக்குப் பயம். எங்கே கடைசி நேரத்தில் பழைய ரசஞ்சோற்றுப் புத்தி திரும்பிவிடுமோ என்று, யாருக்கும் தெரியாமல் மூட்டையைப் பிரித்து இருந்ததையெல்லாம் போட்டான். தண்ணீர் விஷயத்தில் மட்டும் கட்டுப்பாட்டை மீறவில்லை. தண்ணீர் குடித்த நாய் ஓடாது என்பது எல்லா வேட்டைக்காரனுக்கும் தெரியும். செவலை தொட்டிக்குப் போவதற்குள் தொட்டியைக் கவிழ்த்துவிட்டான். அது கவிழ்ந்த தொட்டியை நக்கியது. அவன் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினான்.

காடு காய்ந்து கிடந்தது. பதினைந்து இருபது ஆள், ஏழெட்டு நாய். ஓடையின் மேல்முனையில் வலையைக் கட்டிவிட்டுக் கீழேயிருந்து தகரம் தட்டிக்கொண்டு ஏறினார்கள். வெயில் ஏறி உச்சிக்கு வந்த சமயம் புதரைக் கிழித்துக்கொண்டு பன்றி வந்தது. ஒற்றைப் பன்றி, கிழட்டு ஆண். இரண்டு பக்கமும் கோரைப்பல் வெளியே தெரிந்தது. வலையைப் பார்த்ததும் அது திரும்பி ஆட்களைப் பார்த்து நின்றது. மற்ற நாய்களெல்லாம் தள்ளி நின்று குரைத்தன. கங்காதரன் நந்தகோபாலைப் பார்த்தார். நந்தகோபால் சங்கிலியை விட்டான்.

செவலை குரைக்கவில்லை. நேராகப் போய்ப் பன்றியின் காதுமடலைக் கவ்வியது. பன்றி தலையை உதறியது, நாய் காற்றில் பறந்து சுற்றியது, பிடி விடவில்லை. பன்றி அதை மரத்தில் கொண்டுபோய் மோதியது. விலா எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிடி விடவில்லை. பன்றியின் காதிலிருந்து வழிந்த ரத்தத்தில் நாயின் மூஞ்சி முழுக்க நனைந்துபோயிற்று. பிடி பிடி என்று நந்தகோபால் தொண்டை கிழியக் கத்தினான். பன்றியின் தலை மெதுவாகத் தாழ்ந்தது.

தலையை நாய் பிடித்துவிட்டால் ஆள் பக்கத்திலிருந்து இறங்கி, முன்னங்காலுக்குப் பின்னால் ஈட்டியைச் செருக வேண்டும். அதுதான் முறை. முனிரத்தினம்தான் பக்கத்தில் இருந்தான். தன் மாப்பிள்ளையின் நாய் பிடித்த பிடி என்று அவன் முகமெல்லாம் சிரிப்பு. ஈட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

அப்போது செவலை பிடியை விட்டது. விட்டுவிட்டு ஓடையின் கீழ்ப்பக்கமாக ஓடியது. நாக்கு ஒரு சாண் தொங்க, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது.

பன்றி தலையை ஒரு சொடுக்குச் சொடுக்கியது. கோரைப்பல் முனிரத்தினத்தின் முழங்காலுக்கு மேலே நுழைந்து இடுப்புவரை கிழித்துக்கொண்டு போயிற்று. அவன் விழுந்தான். பன்றி மறுபடி குனிவதற்குள் கங்காதரனின் ஈட்டியும் இன்னும் மூன்று ஈட்டியும் அதன் மேல் இறங்கின. அது செத்து விழுந்தது முனிரத்தினத்தின் மேலேயே. புரட்டித் தள்ளிப் பார்த்தால், தொடை திறந்து, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ஆளாளுக்குத் தோள்துண்டை எடுத்துக் கட்டினார்கள். கட்டின துண்டெல்லாம் நனைந்தது. வலையை அவிழ்த்து அதில் அவனைப் படுக்கவைத்தார்கள். ரோட்டில் லாரி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நந்தகோபால் வலையின் ஒரு மூலையைப் பிடிக்க வந்தான்.

"மாப்ள," என்றான் முனிரத்தினம். உதடெல்லாம் வெளுத்திருந்தது. "உன் நாயை நம்பித்தான்டா எறங்குனேன்."

நந்தகோபாலின் கையிலிருந்து வேறு யாரோ வலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் முனிரத்தினத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முனிரத்தினம் பிழைத்தான், ஆனால் அதற்கப்புறம் அந்தக் காலை ஊன்றி அவன் நேராக நடக்கவே இல்லை. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் காட்டில் மிஞ்சியது நந்தகோபாலும் கங்காதரனும்தான். கங்காதரன் பன்றியின் உடம்பிலிருந்து தன் ஈட்டியைப் பிடுங்கினார். வா என்று மட்டும் சொன்னார். இருவரும் ஓடைவழியே கீழே இறங்கினார்கள்.

கீழே பாறை இடுக்கில் ஒரு சுனை. செவலை முன்னங்கால் இரண்டையும் தண்ணீருக்குள் வைத்து, மூஞ்சியை முக்கி, குடித்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கக்கூட முகத்தைத் தூக்கவில்லை. வயிறு பானையாக உப்பியிருந்தது. ஒருமுறை ஓங்கரித்துக் காலையில் தின்றதையெல்லாம் கக்கியது. கக்கிவிட்டு மறுபடியும் குடித்தது.

நந்தகோபால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். குடோன் தொட்டியில் முதல் தண்ணீரில் போட்ட தோல் அவன் நினைவுக்கு வந்தது. எத்தனை தண்ணீர் விட்டாலும் குடித்துக்கொண்டே இருக்கும் தோல். பங்கஜம் கேட்டாளே. மாடுபோலக் குடிக்கிறது என்றாளே. இரண்டு மாசமாக இந்த வாயில்லா ஜீவனை உப்பில் போட்டுப் பதப்படுத்திவிட்டு, இன்றைக்குத் தொட்டியையும் கவிழ்த்துவிட்டு, அதன் பல்லை நம்பி மச்சானை இறங்கவிட்டிருக்கிறான்.

கங்காதரன் ஈட்டியை அவனிடம் நீட்டினார். "குத்து," என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நாய் செத்துப்போகும். வாயைத் திறந்தால் முனிரத்தினத்தின் கால் கிழிந்த பழி அவன் தலையில் விழும். ஊரிலும் சரி, வீட்டிலும் சரி, பங்கஜத்தின் முகத்தில் அவனால் முழிக்க முடியாது. அவன் ஈட்டியை வாங்கவில்லை.

"அது ஓடலண்ணா. தண்ணிக்குப் போச்சு," என்றான். "உப்புத்தோல்ல அரிஞ்ச கறி. ஊறவெக்காம போட்டேன். காலைலயும் போட்டுட்டு, தண்ணி காட்டாம இழுத்துட்டு வந்தேன். நாய் மேல தப்பு இல்ல. நான்தான்."

சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரிக்கு உப்பைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊறவைக்காதே என்று சொன்னவர் அவர்தான் என்பதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதனால்தானோ என்னவோ கோபம் அவ்வளவு வந்தது.

"அப்போ உன் மச்சான் தொடையை நீதான்டா கிழிச்ச," என்றார்.

ஈட்டியின் அடிக்கட்டை நந்தகோபாலின் முகத்தில் விழுந்தது. மூக்கு உடைந்தது. கீழே விழுந்தவனை அவர் விலாவில் அடித்தார், முதுகில் அடித்தார், கட்டை இரண்டாகப் பிளக்கும்வரை அடித்தார். பிறகு காலால் மிதித்தார். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அடி விழ விழ அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அடிக்கட்டும், கொல்லட்டும், நாயை விட்டுவிடுவார் அல்லவா? அவர் அவன் கழுத்தில் காலை வைத்து அழுத்தினார். கண் இருட்டியது. அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

செவலை தண்ணீரிலிருந்து முகத்தைத் தூக்கியது.

அது வந்த வேகம் நந்தகோபாலுக்குத் தெரியவில்லை. கழுத்திலிருந்த கால் விலகியது மட்டும்தான் தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு பார்த்தால், கங்காதரன் மல்லாந்து கிடக்கிறார், செவலை அவர் மேல். முதலில் தோளைக் கவ்வியது. அவர் கையால் தள்ளியதும் கழுத்துக்கு மாறியது. தாடையின் கீழே, பக்கவாட்டில், முழு வாயாகப் பிடித்துக்கொண்டது. அவர் காலை உதைத்தார். உடைந்த ஈட்டி உருண்டு தண்ணீரில் விழுந்தது. கத்த முயன்றார்; கொப்புளித்துக்கொண்டு ரத்தம்தான் வந்தது.

விடு விடு என்று நந்தகோபால் அலறினான். நாயின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான். இழுத்தால் கங்காதரனின் கழுத்தும் சேர்ந்து வந்தது. வாய்க்குள் விரலைக் கொடுத்துப் பிளந்து பார்த்தான், விரல்தான் கிழிந்தது. கல்லை எடுத்து மண்டையில் அடித்தான். செவலை கண்ணைச் சிமிட்டியது. மேலே பன்றியிடம் விட்ட பிடியை அது இங்கே விடுவதாக இல்லை. இப்போது அதற்குத் தாகம் இல்லை. வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்தது. கங்காதரனின் கழுத்தைக் கவ்வியபடியே அது நந்தகோபாலை ஏறிட்டுப் பார்த்து, வாலை ஆட்டியது.

கங்காதரனின் கண் மேலே சொருகிக்கொண்டிருந்தது. அவர் இடுப்பில் கத்தி இருந்தது. நந்தகோபால் அதை உருவினான். செவலையின் முதுகில் தன் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு, முன்னங்காலுக்குப் பின்னால், பன்றியைக் குத்துகிற அதே இடத்தில், கத்தியைப் பிடிவரைக்கும் இறக்கினான். நாய் கத்தவில்லை. வால் இன்னும் இரண்டு தரம் அசைந்தது. அது அடங்கின பிறகும் தாடை திறக்கவில்லை. கத்தியை வைத்து நெம்பித்தான் பல்லை எடுத்தான்.

கங்காதரன் பக்கவாட்டில் புரண்டு இருமினார். நந்தகோபால் தன் லுங்கியைக் கிழித்து அவர் கழுத்தில் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டான். பெரிய நரம்புக்கு ஒரு விரல் தள்ளிப் பல் இறங்கியிருந்தது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டது. அவர் நாயைத் திரும்பிப் பார்த்தார். பேச வந்தார், வரவில்லை. மறுபடி முயன்றார்.

"ஓடற நாய் இல்லடா இது," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நந்தகோபால் இரண்டு மாசமாகக் குப்பையைக் கிளறினான், பல்லை உடைத்துக்கொண்டான், மச்சானின் காலைப் பலி கொடுத்தான்.

"இப்ப சொல்லாதண்ணா," என்றான்.

ரோடு கீழே வெகுதூரத்தில் இருந்தது. கங்காதரனால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. இருந்தது ஒரு முதுகுதான். இரண்டு உடம்பைத் தூக்க முடியாது. நந்தகோபால் செவலையை இழுத்துச் சுனை ஓரமாக, நிழலில் படுக்கவைத்தான். ரத்தம் அப்பிய அதன் மூஞ்சியை ஒரு கை தண்ணீர் அள்ளிக் கழுவிவிட்டான். "இரு, வந்துர்றேன்," என்று அதனிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் கங்காதரனை முதுகில் ஏற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்து இறங்கினான்.